ரயில் நின்றால் வரும் பேருந்து: ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரின் மதிப்பெண்கள்

சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் பழுதாகி நின்றால், சற்று நேரத்தில் நிலைய வாசலில் ஒரு பேருந்து வந்து நிற்கும். முன்கண்ணாடியில் நிலையங்களின் பெயர் எழுதிய அட்டை இருக்கும். கட்டணம் வாங்க மாட்டார்கள். நாளிதழ்களில் இதற்கு இணைப்புப் பேருந்து என்று பெயர். மீன்தலைக் கறிக்கும் கைபேசிக்கும் மதிப்புரை எழுதித் தள்ளுகிற ஊரில், லட்சக்கணக்கானவர்கள் ஏறி இறங்கிய இந்தச் சேவைக்கு யாரும் உட்கார்ந்து ஒரு மதிப்புரை எழுதியதை நான் பார்த்ததில்லை. வசை நிறைய எழுதியிருக்கிறார்கள். அது வேறு வகை.

நான் இந்தத் தீவில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். இந்தச் சேவையை ஓட்டுநர் இருக்கையிலிருந்தும் பார்த்திருக்கிறேன், பிறகு வரிசையில் நின்றும் பார்த்திருக்கிறேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், அவசரத்தில் ஓடும்போது இரண்டரை. முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஓடும்போது நான்கு. அந்த ஒன்றரை எங்கே போகிறது என்பதுதான் இந்த மதிப்புரை.

முதலில் கணக்கு. வரிசையில் நின்று சபிப்பவர்களில் பலர் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை. கிழக்கு–மேற்குப் பாதையின் ஆறு பெட்டி ரயில் காலை நெரிசலில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. ஈரடுக்குப் பேருந்தில் நெருக்கி ஏற்றினால் 130 பேர். ஒற்றை அடுக்கில் 90ஐ நெருங்கினாலே கதவு மூடாது. நெரிசல் நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் மட்டும் 30,000 பேர். அவர்களை அப்படியே சாலைக்கு மாற்ற 230 ஈரடுக்குப் பேருந்துகள் வேண்டும்; நிமிடத்துக்கு ஏறத்தாழ நான்கு. நிலைய வாசல் நிறுத்தத்தில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேருந்துகள் நிற்க இடமிருந்தால் அதுவே பெரிது. ஒரு பேருந்து நிறைய, இரண்டு கதவையும் திறந்துவைத்தாலும், சில நிமிடங்கள் ஆகும். ஆகவே இணைப்புப் பேருந்து ரயிலுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் அவர் பேருந்து ஓட்டியவர் இல்லை.

அந்த 130கூட ஏட்டுக்கணக்குதான். அவசர நாளில் மேல்தளத்துக்கு யாரும் ஏற மாட்டார்கள். இரண்டு நிலையம்தானே, எதற்குப் படியேற வேண்டும் என்று கீழேயே நிற்பார்கள். கீழ்த்தளத்தில் கண்ணாடியோடு முகம் ஒட்டி நிற்க, மேலே பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். மேல்தளத்தில் நின்று பயணம் செய்யக்கூடாது என்பதால் அங்கே உட்கார இடமுண்டு என்பதே அழைப்பாக இருக்க வேண்டும், இருப்பதில்லை. "மேலே இடம் இருக்கிறது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்திவிட்டு, "நாயெக் அத்தாஸ்" என்று மலாயில் கத்திவிட்டு, சீனத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லையும் கத்துவேன். பிறகும் நான்கு பேர் ஏறுவார்கள். என்னைக் கேட்டால், நடுவில் மடங்கும் நீண்ட பேருந்துதான் இந்த வேலைக்குப் பிறந்தது. படியேற வேண்டாம், கதவு அகலம், ஏற்றமும் இறக்கமும் சட்டென்று முடியும். அவை ஒவ்வொன்றாகக் குறைந்துபோனதில் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, சக்கர நாற்காலி. நம் பேருந்துகளில் சாய்தளத்தை ஓட்டுநர் இறங்கிவந்து கையால் விரிக்க வேண்டும். சாதாரண நாளில் யாரும் முணுமுணுப்பதில்லை. ரயில் நின்ற நாளில், பின்னால் இருநூறு பேர் நிற்கும்போது, முகத்தைச் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுளிக்கட்டும். அந்த நாற்காலியில் இருப்பவரால் அடுத்த நிறுத்தம்வரை நடந்துபோய்விட முடியாது.

இனி ஓட்டுநர் பக்கம். எங்களில் ஒவ்வொருவருக்கும் சில தடங்கள்தாம் கை பழகியவை. ஒருநாள் வட்டப் பாதையில் பழுது என்று தொலைபேசியில் அழைத்து, வேறு பகுதியில் ஓட்டிக்கொண்டிருந்த என்னைக் கிளம்பச் சொன்னார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. அன்று எந்த நிறுவனத்தில் இருந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும். கையில் நிலையங்களின் பெயர்ப் பட்டியல் தந்தார்கள். எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்பது அதில் இல்லை. முன்கதவருகே நின்ற ஓர் அம்மா, "அண்ணே, அடுத்த விளக்கில் இடப்பக்கம் திரும்புங்கள், நிறுத்தம் கோவிலுக்கு எதிரில் இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லித்தான் நான் ஓட்டினேன். அவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியதும் பக்கத்தில் இருந்த மாணவன் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டான்.

வட்டப் பாதை இந்த வேலைக்கு மிகக் கொடியது. கிழக்கு–மேற்குப் பாதையின் மேற்குப் பகுதியில், பூன் லே வே, காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட் என்று மேம்பாலத் தண்டவாளத்தை ஒட்டியே சாலை போகிறது. தலையைத் தூக்கிப் பார்த்து ஓட்டலாம். வட்டப் பாதையோ நிலத்தடியில் தன் விருப்பத்துக்கு வளைந்து போகிறது. கால்டிகாட்டிலிருந்து தாவரப் பூங்கா நிலையத்துக்கு ரயில், வெறும் கூடாகக் கட்டிவைத்து இன்னும் திறக்காத புக்கிட் பிரவுன் நிலையத்தைத் தாண்டி ஒரே தாவாகப் போய்விடும். பேருந்து லோர்னி பக்கம் சுற்றி ஆடம் சாலை நெரிசலில் மாட்ட வேண்டும்.

போதாததற்கு, விட்டுவிட்டு வரும் பழுது. முழுவதும் நின்ற ரயிலைவிட இது மோசம். 2016 ஆகஸ்ட் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் வட்டப் பாதையில் ரயில்கள் திடீர் திடீரென்று சிக்னலை இழந்து தாமாகவே அவசர பிரேக் போட்டு நின்றன; பிறகு ஓடின; மறுபடி நின்றன. பேருந்தை அழைப்பதா வேண்டாமா? அழைத்துப் பேருந்து வந்து சேர்வதற்குள் ரயில் ஓடத் தொடங்கிவிடும். பேருந்தைத் திருப்பி அனுப்பியதும் ரயில் நிற்கும். காரணத்தைக் கண்டுபிடித்த விதம் அழகானது. அரசாங்கத் தரவு ஆய்வாளர்கள் சிலர், எந்த ரயில் எங்கே எப்போது நின்றது என்பதை நேரத்தையும் இடத்தையும் வைத்து வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள். நின்ற புள்ளிகள் கோடாக நகர்ந்தன. எதிர்த் தடத்தில் ஏதோ ஒரு ரயில் கடந்துபோகும்போதெல்லாம் இந்தப் பக்கத்து ரயில்கள் சிக்னல் இழக்கின்றன என்று ஊகித்து, பிவி 46 என்ற ரயிலைப் பிடித்தார்கள். அந்த ஒரே ரயிலின் கோளாறான சமிக்ஞைக் கருவி மற்ற ரயில்களையெல்லாம் குழப்பியிருந்தது. அந்த ரயில் தான் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

பழைய கதைகளையும் சொல்லாமல் மதிப்பெண் போட முடியாது. 2011 டிசம்பர் 15 மாலை, வடக்கு–தெற்குப் பாதையில் சிட்டி ஹாலுக்கும் டோபி காட்டுக்கும் இடையில் நான்கு ரயில்கள் நின்றன. மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளத்தைத் தாங்கும் கொக்கிகள் கழன்று, அது தொய்ந்து, ரயில்களின் மின் வாங்கிகளை உடைத்துவிட்டது. சுரங்கத்தில் விளக்கும் காற்றும் இல்லாத பெட்டியில் மாட்டியவர்களில் ஒருவர் தீயணைப்புக் கருவியால் கண்ணாடியை உடைத்தார். இரண்டே நாளில், 17ஆம் தேதி, மறுபடியும் அதே பாதை நின்றது. முதல் பழுதின்போது, 15ஆம் தேதி, ரயில் நிறுவனத்தின் டாக்சி ஓட்டுநர்களுக்குப் போன குறுஞ்செய்தி "வருமான வாய்ப்பு" என்று தொடங்கியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. விசாரணைக் குழு உட்கார்ந்தது, 20 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. ரயில் நிறுவனங்கள் இணைப்புப் பேருந்துத் திட்டத்தைத் தூசு தட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பது எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் சொல்வது.

2015 ஜூலை 7 வேறு மாதிரி. மாலை ஏழு மணியளவில் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்கு இரண்டு பாதைகளும் சேர்ந்து நின்றன. தஞ்சோங் பகார் பக்கம் ஒழுகிய நீரும் பழுதான மின்காப்பு ஒன்றும் இரண்டு முதுகெலும்புப் பாதைகளையும் முடக்கின. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு பாதை நின்றால் அதை ஒட்டிப் பேருந்து விடலாம். இரண்டும் நின்றால் ஊர் முழுவதும்தான் நிறுத்தம். நிலையங்களுக்கு அருகே போகும் பேருந்துகளில் எல்லாரும் இலவசமாக ஏறலாம் என்று அறிவித்தது மட்டுமே அன்று செய்யக்கூடியதாக இருந்தது, அது சரியான முடிவும்கூட. அது ரமலான் மாதம். நோன்பு துறக்கும் நேரத்தில் சரியாக நின்றது ரயில். என் மலாய் நண்பர், அவரும் ஓட்டுநர், சிவப்பு விளக்கில் நின்ற நேரத்தில் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு, இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்ததாகச் சொன்னார். முன்வரிசையில் நின்ற பயணிகளுக்கும் பழ டப்பாவை நீட்டினாராம். அந்த ஒரு டப்பாவுக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

ஆனால் இந்தச் சேவையின் உண்மையான தேர்வு 2024 செப்டம்பர் 25 அன்று தொடங்கியது. கிழக்கு–மேற்குப் பாதையின் பழைய ரயில் ஒன்று, பயணிகளை இறக்கிவிட்டு உலு பாண்டான் பணிமனைக்குத் திரும்பும் வழியில், டோவர் அருகே, சக்கர அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டியை நழுவவிட்டது. சக்கரங்கள் தடம் விலகியபடியே இழுபட்டுப் போனதில் இரண்டரைக் கிலோமீட்டர்த் தடம் நாசமானது; 34 இடங்களில் தண்டவாளம் உடைந்தது. அச்சுப்பெட்டி அளவுக்குமீறிச் சூடானதைக் கருவி முன்பே காட்டியும் அது பிழையான அளவீடு என்று விட்டுவிட்டார்கள் என்பது பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. அபராதம் முதலில் 30 லட்சம் வெள்ளி என்று சொல்லி, பிறகு 24 லட்சமாகக் குறைத்தார்கள். சேவை முழுமையாகத் திரும்பியது அக்டோபர் 1ஆம் தேதி.

ஆறு நாள் என்பது மதிப்புரை எழுதுகிறவனுக்கு வாய்ப்பு. முதல் நாள் பார்த்ததும் ஐந்தாம் நாள் பார்த்ததும் ஒரே சேவை இல்லை. முதல் நாள் பூன் லே முதல் குவீன்ஸ்டவுன் வரை எல்லாம் நின்று, ஜூரோங் ஈஸ்ட் வாசலில் எது வரிசையின் தலை, எது வால் என்றே தெரியவில்லை. பேருந்துகள் வராமல் இல்லை. வந்த பேருந்து எந்தத் திசைக்குப் போகிறது என்பதில்தான் குழப்பம். "அங்கிள், இது கிளமெண்டி போகுமா?" என்று ஒரு பெண் கேட்க, நான் ஓட்டுநர் என்று நினைத்துக் கேட்கிறாளோ என்று ஒரு கணம் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அடுத்தடுத்த நாள்களில் தரையில் அம்புக்குறி வந்தது, திசைவாரியாகத் தடுப்புக் கட்டினார்கள், பளிச்சென்ற மேலங்கி போட்ட ஊழியர்கள் தூணுக்கு ஒருவராக நின்றார்கள். ரயிலும் பூன் லேக்கும் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் இடையே தனியாக ஓடத் தொடங்கியதால் பேருந்தின் பாரம் குறைந்தது. அந்த வாரம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வேறு. தாமதமாக வந்தாலும் முழு நேரமும் எழுதலாம் என்று கல்வித் துறை அறிவித்தது. அது பெற்றோர் வயிற்றில் பால் வார்த்தது.

அந்த ஆறு நாளில் நான் கண்டது இதுதான்: சேவையைத் தூக்கி நிறுத்தியவர்கள், பேருந்தில் ஏறாதீர்கள் என்று சொன்ன ஊழியர்கள். நகரத்துக்குப் போகிறவரை அவர்கள் வரிசைக்கு அனுப்பவில்லை. "வடக்கு–தெற்குப் பாதையில் ஏறி உட்லண்ட்ஸ் போங்கள், அங்கே தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறினால் ஆர்ச்சர்ட், ஷென்டன் வே, மரினா பே" என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள். தீவின் வடக்கு விளிம்பைத் தொட்டுத் திரும்பும் சுற்றுவழிதான். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில், இடம் கிடைத்தால் உட்கார்ந்து போகலாம். 2011இல் இப்படிச் சொல்ல வழியே கிடையாது. தாம்சன் பாதை நகரத்தைத் தொட்டதே 2022 நவம்பரில்தான். ஒரு பாதை விழும்போது தாங்குவது இன்னொரு ரயில் பாதைதான். பேருந்து, இரண்டு மூன்று நிலையங்கள் தள்ளிப் போகிறவருக்கும் வேறு வழியே இல்லாதவருக்கும் உரியது. இதை முதல் பத்து நிமிடத்தில் எல்லா வாசலிலும் உரக்கச் சொல்லிவிட்டால் வரிசை பாதியாகிவிடும். அவசர நாளில் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைக்காமல் போகிறது. நான் பிடித்துவைத்த மதிப்பெண்ணில் ஒரு முழு மதிப்பெண் அதற்கு.

மீதி அரை மதிப்பெண், அறிவிப்புக்கு. "பயண நேரம் கூடுதலாக 20 நிமிடம் ஆகலாம்" என்ற வகைச் செய்திகளை நான் நம்புவதில்லை. அந்த 20 நிமிடத்தில் வரிசையில் நிற்கும் நேரம் சேர்ந்ததா என்று யாரும் சொல்வதில்லை. நான்கு மொழியில் அறிவிக்கும் ஊர் இது, அதில் எனக்குப் பெருமை உண்டு. தமிழ் அறிவிப்பு வரும்போது நிமிர்ந்து உட்காருவேன். ஆனால் நான்கு மொழியிலும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று கேட்பதைவிட ஒரு மொழியில் "பி வாசல், இடப்பக்கம், கிளமெண்டி" என்று கேட்பது மேல்.

இனி அந்த நான்கு மதிப்பெண். 2025 நவம்பர் 29 முதல் டிசம்பர் 8 வரை, புதிய ஈஸ்ட் கோஸ்ட் பணிமனையோடு தண்டவாளத்தை இணைக்க, பிடோக்–தெம்பினிஸ், விமான நிலையக் கிளையின் தானா மேரா–எக்ஸ்போ பகுதிகளை மூடினார்கள். தேதி முன்பே தெரியும், பள்ளி விடுமுறைக் காலம், ஓட்டுநர்களுக்கு வழி தெரியும். நான் வேலையே இல்லாமல் வேண்டுமென்றே போய் ஏறினேன். என் மனைவி இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். பேருந்து பெயர்ப்பலகையில் போகுமிடம் தெளிவாக எரிந்தது. மழையில் நனையாமல் நிற்க இடம் இருந்தது. ஓட்டுநர் திருப்பங்களை யோசிக்காமல் எடுத்தார். பழகிய கை என்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு குறை, பெட்டி. விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியோடு ஏறினால் நகரப் பேருந்தின் நடைபாதை அடைபட்டுவிடுகிறது. அந்தத் தடத்துக்கு உள்ளே கொஞ்சம் இருக்கை குறைத்த பேருந்து வேண்டும். அதற்காகத்தான் ஐந்தாவது மதிப்பெண்ணைக் கொடுக்கவில்லை.

ரயில்களைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் பழுதுகளுக்கு இடையே ரயில்கள் ஓடும் சராசரித் தூரம் 2019இல் பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. 2015ஐ நினைத்தால் அது சாதாரணமில்லை. 2025இல் பழுதுகள் அடுத்தடுத்து வந்து, ஆகஸ்ட்டில் வடகிழக்குப் பாதையும் செங்காங்–பொங்கோல் இலகு ரயிலும் மின்பழுதில் நின்றபின், ரயில் நம்பகத்தன்மைக்கென்று ஒரு பணிக்குழுவே அமைத்தார்கள். தண்டவாளத்தையும் மின்கம்பியையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கவலை வாசலுக்கு வெளியே.

ஏறப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒன்றிரண்டு நிலையம் என்றால் நடந்துவிடுங்கள். டோவரிலிருந்து அடுத்த நிலையமான புவன விஸ்தாவுக்கு நடக்கிறவர், வரிசையில் நிற்கிறவரைவிடப் பெரும்பாலும் முன்னால் போய்ச் சேருவார். நான்கைந்து நிலையம் என்றால் முதலில் வழக்கமான பேருந்துத் தடம் ஏதாவது அந்த வழியாகப் போகிறதா என்று பாருங்கள்; பழுது நாளில் குறிப்பிட்ட நிறுத்தங்களில் அதிலும் இலவசமாக ஏறவிடுவார்கள், வரிசை சிறியதாக இருக்கும். அதைவிடத் தூரம் என்றால் வேறு ரயில் பாதை. முதலாளிக்கோ பள்ளிக்கோ காட்டத் தாமதச் சான்று வேண்டுமென்றால் நிலைய ஊழியரின் நேரத்தை எடுக்காதீர்கள், இணையத்தில் கிடைக்கிறது. விமானத்தைப் பிடிக்கப் போகிறீர்களா? வரிசைப் பக்கமே திரும்பாமல், பெட்டியோடு நிற்கும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு டாக்சி பிடியுங்கள். ஈரடுக்குப் பேருந்து வந்தால் தயவுசெய்து மேலே ஏறுங்கள்.